உரிக்க உரிக்க முளைத்த விலை

உப்பளத்துக்கும் துறைமுகச் சாலைக்கும் நடுவில், எந்த ஜன்னலைத் திறந்தாலும் உப்புக்காற்றும் கரித்தூசியும் சேர்ந்து வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும் அலைவாய்க் குடியிருப்பில், பிறந்தநாள் பரிசுகளின் விலைச்சீட்டு உரிய மறுத்த அந்த வருஷம், சுகிர்தாவிடம் பொறுமை என்று சொல்லிக்கொள்ள ஏற்கெனவே ஒன்றும் மிச்சமில்லை. மூன்று மாடி, நான்கு பிளாக், வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளும் பேசிவைத்துக்கொண்டு பிறந்தவர்கள் மாதிரி ஏழு வயதிலும் எட்டு வயதிலுமாக நின்றார்கள். ஆகவே வாரம் தவறாமல் யாருக்காவது பிறந்தநாள் வந்தது, வாரம் தவறாமல் மொட்டைமாடியில் பலூன் கட்டினார்கள், வாரம் தவறாமல் கரடி வேஷம் போட்ட ஒரு ஆள் வேர்த்து ஊற்றிக்கொண்டு படியேறினான், சுகிர்தாவும் வாரம் தவறாமல் கையில் ஒரு பொட்டலத்தோடு அவன் பின்னால் ஏறினாள்.

யார் கண்டுபிடித்தார்கள் இதை என்று அவள் தோசை ஊற்றும்போதெல்லாம் கேட்டாள். பிறந்தது அந்தப் பிள்ளை, பெற்றது அந்தத் தாய், நடுவில் நான் எதற்கு பால்துரை அண்ணாச்சி கடையில் போய் நிற்க வேண்டும் என்று கேட்டாள். துறைமுகத்தில் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் கணக்கு பார்க்கும் அவள் கணவன் பொன்சிங், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், போகாவிட்டால் என்ன என்று கேட்பான். போகாவிட்டால் என்னவா? போகாவிட்டால் நம் ஜெஸ்லின் பிறந்தநாளுக்கு யார் வருவார்கள் என்பாள். அதற்கு அவன் இன்னொரு தோசை கேட்பான்.

ஆனாலும் இந்த விவகாரத்தில் சுகிர்தாவுக்கு என்று ஒரு பெயர் இருந்தது. விலைச்சீட்டை உரிப்பதில் அவளுக்கு ஈடு அந்தக் குடியிருப்பில் யாரும் இல்லை. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விட்டு, அது ஊறும்வரை வேறு வேலை பார்த்துவிட்டு வந்து, நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினால் சீட்டு முழுசாக, பசை கூட மிச்சமில்லாமல் கையோடு வந்துவிடும். மற்ற வீட்டுப் பெண்கள் தங்கள் பொட்டலங்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவளிடம் வருவார்கள். நூற்றிருபது ரூபாய்ப் பொருள் விலை தெரியாமல் இருந்தால் இருநூறு மாதிரி இருக்கும், கொஞ்சம் பளபளப்பான காகிதம் சுற்றினால் முந்நூறு மாதிரி கூட இருக்கும். அந்த இடைவெளியில்தான் அலைவாய்க் குடியிருப்பின் தாய்மார்கள் அத்தனை காலமும் மானத்தோடு வாழ்ந்தார்கள்.

அது உடைந்த நாள் ஒரு சனிக்கிழமை. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சண்முகக்கனி அக்காவின் மகன் ரித்திஷுக்குப் பிறந்தநாள். சுகிர்தா ஒரு டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் விட்டு உரித்தாள். சீட்டு அழகாக வந்தது. அதைச் சுருட்டிப் போட்டுவிட்டுத் திரும்பினால் அதே இடத்தில் இன்னொரு சீட்டு இருந்தது, அதே நூற்றிருபது. அதையும் உரித்தாள், அடியில் ஒன்று இருந்தது. தரையெல்லாம் நூற்றிருபதாகிவிட்ட பிறகு, போகட்டும் சனியன் என்று அதன் மேலேயே ரோஜா நிறக் காகிதத்தைச் சுற்றினாள். சுற்றி முடித்து நாடாவைக் கட்டும்போது சீட்டு காகிதத்துக்கு மேலே வந்து நின்றது. நாடாவை அதன் மேல் கட்டினாள், நாடாவின் மேல் வந்தது. சுகிர்தா பேயைக் கண்டவள் போலக் கத்தவில்லை. மணி ஆறரை ஆகியிருந்தது, கேக் வெட்டும் நேரம் ஏழு, ஜெஸ்லினுக்குத் தலை கூடப் பின்னவில்லை. இந்த மாதம் இது ஒன்றுதான் பாக்கியாக இருந்தது என்று சொல்லிவிட்டுச் சீப்பை எடுத்தாள்.

மொட்டைமாடியில் போய்ப் பார்த்தால் எல்லாப் பெண்களும் பொட்டலத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேக் வெட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள், பிறகு வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராகக் கையை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். நூற்றிருபது, தொண்ணூற்றொன்பது, முந்நூற்றைம்பது, நூற்றெண்பது என்று மேஜை முழுக்க விலைகள் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. மூன்று வீடு சுற்றி வந்திருந்த ஒரு தண்ணீர் பாட்டிலின் மேல் வெறும் பூஜ்யம் இருந்தது. அதைக் கொண்டுவந்த பெண் அன்றைக்கு ஐஸ்கிரீம் சாப்பிடாமலேயே தலைவலி என்று இறங்கிப் போனாள்.

முதல் வாரம் உப்புக்காற்றில் பசை கெட்டுவிட்டது என்றார்கள். இரண்டாவது வாரம் சீனக் காகிதம் என்றார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் காரணம் தேடவில்லை, காரணம் தேட யாருக்கு நேரம் இருக்கிறது, சங்கக் கூட்டம் போட்டார்கள். சண்முகக்கனி அக்கா மைக்கைப் பிடித்து, இனி எல்லாரும் ஒரே மாதிரி இருநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்குவோம், ஒரு வம்பும் வராது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டிவிட்டுப் போய், இருநூற்றைம்பது என்று போட்டிருந்த பொருளை அண்ணாச்சியிடம் பேரம் பேசி நூற்றறுபதுக்கு வாங்கி வந்தார்கள், அங்கேதான் எல்லாருக்கும் விஷயம் முழுசாக விளங்கியது. அந்தச் சீட்டு, பெட்டியில் அச்சடித்த விலையைக் காட்டவில்லை. கையிலிருந்து போன பணத்தைக் காட்டியது. பேரம் பேசியவர்கள் எல்லாரும் நூற்றறுபது, நூற்றைம்பத்தைந்து என்று வந்து நின்றார்கள்.

அன்றிலிருந்து பால்துரை அண்ணாச்சியின் ஃபேன்சி ஸ்டோரில் உலகம் தலைகீழாகிவிட்டது. இருபது வருஷமாக, குறைத்துக் கொடுங்க அண்ணாச்சி என்ற ஒரே வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது காய்த்துப் போயிருந்தது. இப்போது பெண்கள் வந்து, கூட்டிச் சொல்லுங்க அண்ணாச்சி என்றார்கள். இந்தப் பென்சில் பாக்ஸ் இருநூற்றைம்பதுதாம்மா என்று அவர் சொன்னால், அதெல்லாம் முடியாது, நானூறுன்னா எடுக்கேன், இல்லன்னா வேற கடைக்குப் போறேன் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அவர் முந்நூறுக்கு மேல் ஏற மாட்டேன் என்றார், அவர்கள் கடைசியாக ஒரே விலை முந்நூற்றெண்பது என்று பணத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அவர் கோயிலுக்குப் பயந்த மனுஷன், முதல் நாள் அவருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. ஆனால் காய்ச்சல் எத்தனை நாளைக்கு நிற்கும்? மாதம் முடிவதற்குள் ஒரே பென்சில் பாக்ஸை மூன்று குவியலாகப் போட்டு இருநூற்றைம்பது, ஐந்நூறு, ஆயிரம் என்று அட்டை எழுதி வைத்துவிட்டார். ஆயிரம் குவியல்தான் முதலில் தீர்ந்தது.

பிள்ளைகளுக்கும் இது பழகிவிட்டது, பிள்ளைகளுக்கு எதுதான் பழகாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இந்த வகுப்பு மாதிரி நூறு, பத்து, ஒன்று இடமதிப்பை இத்தனை சீக்கிரம் பிடித்துக்கொண்ட வகுப்பை நான் பார்த்ததில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் பாராட்டினார். பிறந்தநாள் பிள்ளைகள் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் எண் வரிசையில் அடுக்கினார்கள். பிறகு விளையாட்டில் ஆள் பிரிக்கும்போது, அவரவர் கொண்டுவந்த பொட்டலத்தின் எண்ணைச் சொல்லி, நீ ஐந்நூறு, நீ முந்நூறு, இந்தப் பக்கம் வா என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பெயரைவிட எண் சுருக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயந்திரம் ஜெஸ்லின் விளையாடிவிட்டு வந்து, காலைக் கூடக் கழுவாமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

"எம்மா, நான் நூத்திருவதா?"

சுகிர்தா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த டிபன் பாக்ஸுக்கு அப்புறம் அவள் இருநூறுக்கும் இருநூற்றைம்பதுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள், ஆனால் முதலில் ஒட்டிய எண்தான் பிள்ளைமேல் நின்றுவிட்டது, எந்தத் தேங்காய் எண்ணெய்க்கும் அது வரவில்லை. நீ ஜெஸ்லின், போய்க் காலைக் கழுவு என்றாள். அன்றைக்கு ராத்திரி பொன்சிங்கிடம், உங்களை யாராவது ஒரு தொகையைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். என்னை ஆபீசில் சம்பளத்தைச் சொல்லித்தான் நினைவு வைத்திருக்கிறார்கள் என்றான் அவன். இந்த மனிதனிடம் போய்க் கேட்டேனே என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எதிர் வீட்டு மகதிக்கு அடுத்த வாரம் பிறந்தநாள் வந்தது.

எதிர் வீடு என்றால் வெறும் எதிர் வீடு இல்லை. இசக்கிராணி இவளைவிட நாலைந்து வயது மூத்தவள், அவள் கணவன் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர், கடல் சரியாக இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் இல்லை. இரண்டு வீட்டுக் கதவும் காலையில் திறந்தால் ராத்திரிதான் சாத்தும். ஜெஸ்லினும் மகதியும் எந்த வீட்டில் பசிக்கிறதோ அந்த வீட்டில் சாப்பிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி போய்வந்துகொண்டிருந்தது. அது சுகிர்தாவின் கல்யாணத்துக்கு அவள் பெரியம்மா கொடுத்தது, விளிம்பில் "ஞானப்பூ அன்பளிப்பு" என்று பெயர் வெட்டியிருக்கும். இவள் அதில் மீன்குழம்பு கொடுத்தால் அவள் அதை வெறுமையாகத் திருப்ப மாட்டாள், கழுவி, ஒரு பிடி முருங்கைக்கீரையோ நாலு தக்காளியோ போட்டு அனுப்புவாள். அவள் அனுப்பியதற்கு இவள் மறுபடி எதையாவது போடுவாள், இப்படியே அது எந்த வீட்டு வாளி என்பது மறந்துபோகும் அளவுக்கு நடந்துகொண்டிருந்தது. இசக்கிராணி அவித்த கடலை அனுப்பும் நாள்களில் பிள்ளைகள் இருவரும் வாளியோடு படிக்கட்டில் உட்கார்ந்து, மூன்று பருப்புக் கடலை யாருக்குக் கிடைக்கிறது என்று தேடித் தேடித் தின்பார்கள். இதில் ஒரே தொல்லை, வாளி ஒரு வீட்டில் இருந்தால் மூடி எப்போதும் இன்னொரு வீட்டில் கிடக்கும். மூடி எங்க, மூடி எங்க என்று இரண்டு வாசலிலும் ஒரு சத்தம் தினமும் கேட்கும்.

விலைச்சீட்டு ஊரையே ஆட்டிவைத்த அந்த மாதங்களிலும் வாளி நிற்காமல் ஓடியது, அதன் மேல் ஒரு நாளும் ஒரு சீட்டும் வந்ததில்லை. ஆனால் அதை யார் கவனித்தார்கள்? கொடுப்பது வாங்குவது என்று யாரும் அதை நினைத்திருந்தால்தானே.

சுகிர்தா மகதியின் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று யோசிக்கவில்லை, எவ்வளவு என்றுதான் யோசித்தாள். நூற்றிருபது என்ற பெயரைப் பிள்ளைமேலிருந்து எடுக்க வேண்டும், எடுத்தால் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். மிக்ஸியின் மோட்டார் புகைந்து போயிருந்தது, அதைப் பழுது பார்க்க அரிசி டின்னுக்குள் பணம் வைத்திருந்தாள். மிக்ஸிக்கு என்ன அவசரம், சட்னிதான் ராணியக்கா வீட்டில் அரைத்துக்கொள்கிறோமே என்று அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனாள். அண்ணாச்சி அவளை நன்றாகத் தெரிந்தவர், அதனால் கொஞ்சம் தயங்கினார்.

"எம்மா, பெட்டி எல்லாம் ஒண்ணுதான். இருநூத்தம்பதுலயே எடுத்துட்டுப் போங்க, வீணாப் போட்டு என்னத்துக்கு?"

"ஆயிரம் குவியல்ல இருந்து குடுங்க அண்ணாச்சி," என்றாள் சுகிர்தா.

இசக்கிராணி மொட்டைமாடி எடுக்கவில்லை. தோணி போகாத மாதம் அது. வீட்டிலேயே கேக் வைத்து, தெரிந்த நாலு வீட்டைக் கூப்பிட்டிருந்தாள். ஜெஸ்லின் பொட்டலத்தை நீட்டினாள், ஆயிரம் என்ற எண் சிவப்புக் காகிதத்தின் மேல் பெரிசாக நின்றது. சுகிர்தா எல்லாரும் தன்னையும் தன் பிள்ளையையும் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தாள். ஆனால் அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் இசக்கிராணியைத்தான் பார்த்தார்கள். ஏனென்றால் ஜெஸ்லினுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள், அது எல்லாருக்கும் தெரியும். இசக்கிராணி பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எதுக்கு இவ்வளவு என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கேசரி எடுக்க உள்ளே போனவள் வெளியே வர நேரமானது.

மறுநாள் காலையில் எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. காற்று அதிகம் போல என்று சுகிர்தா நினைத்தாள். அதற்கு மறுநாளும் சாத்தியிருந்தது, அன்றைக்குக் காற்றே இல்லை. மகதி பள்ளிக்கூடத்துக்கு வேறு ஆட்டோவில் ஏறினாள். ஜெஸ்லின் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து, உரிக்கக் கடலை கிடைக்காமல் சுவரைச் சுரண்டினாள். ஆயிரம் என்று கூப்பிட்டார்களா என்று சுகிர்தா ஒரு நாள் ஆசையாகக் கேட்டாள். கூப்பிட்டாங்க, ஆனா மகதி என்கூட வெளையாட வரல என்றாள் பிள்ளை. பொன்சிங் தோசைக்குச் சீனியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டான். இது என்ன, இந்த வீட்டில் சட்னி என்று ஒன்று இருந்ததே என்று கேட்டவனுக்கு, எல்லாம் உங்கள் மகளின் மானத்துக்காகத்தான் என்று தட்டை நகர்த்திவைத்தாள். அடுப்படி அலமாரியில் தூக்குவாளியின் மூடி தனியாகக் கிடந்தது. வாளி எதிர் வீட்டில் இருந்தது.

யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாத எரிச்சல்தான் எரிச்சலிலேயே மோசமானது. சுகிர்தா இசக்கிராணிமேல் கோபப்பட்டாள், நல்லது செய்தால் இந்தக் காலத்தில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு துணி துவைத்தாள். அப்புறம் ஒரு நாள் தண்ணீர் லாரி வந்தபோது சண்முகக்கனி அக்காதான், வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்த வாயோடு, இசக்கிராணி ஒரு மசாலாக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பாக்கெட்டுக்கு விலை ஒட்டிக் கொடுக்கிறாளாம், ஆயிரம் பாக்கெட் ஒட்டினால் இவ்வளவு என்று கணக்காம், எதற்கோ அவசரமாகப் பணம் சேர்க்கிறாள் போல என்று சொன்னார். சுகிர்தா குடத்தை அப்படியே வைத்துவிட்டாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியும். குடத்துக்குப் பின்னால் நின்றவர்கள் நகரு நகரு என்று கத்தினார்கள்.

மாடி ஏறி நேரே போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள், ஆனால் கதவு திறந்து, இசக்கிராணியின் முகத்தையும் அவளுக்குப் பின்னால் தரை முழுக்கக் குவிந்திருந்த மல்லித்தூள் பாக்கெட்டுகளையும் விரல் நுனிகளில் ஒட்டியிருந்த சீட்டுத் துணுக்குகளையும் பார்த்ததும் வாயில் வந்தது வேறு.

"என் வாளியக் குடுங்க."

இசக்கிராணி விரலில் ஒட்டியிருந்த துணுக்குகளைத் தேய்த்து உதிர்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"வெறும் வாளிய எப்பிடிக் குடுக்க? நீ ஆயிரத்தக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிட்ட. அதுக்குப் பதிலா அதுல நான் என்னத்தப் போட்டுக் குடுக்கணும், நீயே சொல்லு. முருங்கக்கீரையா?"

"நான் ஒங்ககிட்ட திருப்பிக் கேட்டனாக்கா?"

"நீ கேக்கல. ஊரே பாத்துச்சே. எம்புள்ள கேக்கா, ஜெஸ்லினுக்கு நாம ஆயிரம் குடுக்கணும்லாம்மான்னு. அதுக்குத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கேன். அதுவரைக்கும் ஒன் வாசல்ல வந்து எந்த முகத்தோட நிக்க?"

சுகிர்தாவுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது, அதில் உண்மை வெளியே வந்துவிட்டது.

"அக்கா, அது ஆயிரமே இல்ல. அந்தப் பெட்டி இருநூத்தம்பதுதான். அண்ணாச்சிட்ட சொல்லிக் கூட்டிப் போட்டேன்."

மூன்று குவியல் வந்த பிறகு அண்ணாச்சி கடைப் பக்கமே போகாத இசக்கிராணி விளங்காமல் பார்த்தாள். விளங்கியபோது விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்போ மீதி எழுநூத்தம்பதுக்கு?"

"சீட்டுதான்."

"கிறுக்கி," என்றாள் இசக்கிராணி. "எழுநூத்தம்பது ரூவாய்க்கு ஒத்தச் சீட்டா வாங்குன? இங்க பாரு, தரையெல்லாம் கெடக்கு. எங்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே ஒரு சுருள் குடுத்திருப்பனே."

அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, மல்லித்தூள் நெடி மூக்கில் ஏறித் தும்மலும் சேர்ந்துகொண்டது. சுகிர்தா அழுதுகொண்டே சிரித்தாள். மிக்ஸிப் பணம் அது, மூணு வாரமா சட்னி இல்லக்கா என்றபோது இருவருக்கும் வயிறு வலித்தது. ஆனால் வாளியை இசக்கிராணி அன்று கொடுக்கவில்லை. அது வர்ற நேரத்துக்கு வரும், நீ போய் மூடியத் தேடி வை என்று சொல்லிவிட்டாள்.

ஜெஸ்லினின் பிறந்தநாளன்று மொட்டைமாடி மேஜையில் எண்கள் வரிசை கட்டின. ஐந்நூறு வந்தது, எழுநூறு வந்தது, சண்முகக்கனி அக்கா கொடுத்தது ஆயிரத்து ஐந்நூறு, அதைப் பிள்ளைகள் மேஜையின் நடுவில் வைத்தார்கள். கரடி வேஷக்காரன் கூட நின்று பார்த்தான். ஜெஸ்லின் எதையும் பார்க்காமல் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், மெழுகுவத்தி பாதி உருகிவிட்டது, கேக் வெட்டு வெட்டு என்று எல்லாரும் நச்சரித்தார்கள். சுகிர்தாவுக்கும் உள்ளுக்குள் பதறியது, வர மாட்டாளோ, சிரித்தது எல்லாம் அந்த நேரத்துச் சிரிப்புத்தானோ என்று.

அப்போது மகதி இரண்டு கையாலும் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி, மூச்சு வாங்க ஏறி வந்தாள். பின்னால் இசக்கிராணி, கையை வீசிக்கொண்டு வெறுங்கையோடு வந்தாள். வாளியை மேஜைமேல், ஆயிரத்து ஐந்நூறுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எல்லாப் பெண்களும் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி வாளியைச் சுற்றிப் பார்த்தாள், இன்னொருத்தி தூக்கி அடியில் பார்த்தாள். சீட்டு இல்லை. விளிம்பில் ஞானப்பூ அன்பளிப்பு என்று மட்டும் இருந்தது. சண்முகக்கனி அக்கா, எவ்வளவுன்னே வரலையே ராணி, என்ன பரிசு இது என்று கேட்டார்.

"பரிசெல்லாம் இல்லக்கா," என்றாள் இசக்கிராணி. "அவ வாளி, அவகிட்ட திருப்பிக் குடுக்கேன்."

தட்டை எடுத்தால் உள்ளே அவித்த கடலை, இன்னும் ஆவி போகாமல் இருந்தது. ஜெஸ்லினும் மகதியும் கேக்கையும் மெழுகுவத்தியையும் அப்படியே விட்டுவிட்டு வாளிக்குள் கையை விட்டார்கள். எனக்கு மூணு பருப்பு என்று மகதி சொன்னாள். அவ்வளவுதான், ஐந்நூறும் எழுநூறும் ஆயிரத்து ஐந்நூறும் எல்லாம் ஓடி வந்து வாளியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், எனக்கு, எனக்கு என்று தோலை உரித்துப் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் யாரையும் யாரும் எண் சொல்லிக் கூப்பிடவில்லை, கூப்பிட யாருக்கும் வாய் சும்மா இல்லை. சுகிர்தா இசக்கிராணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிம்மதி என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

இதோடு விலைச்சீட்டு ஒழிந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அலைவாய்க் குடியிருப்பைத் தெரிந்தவர்கள் அப்படி நம்ப மாட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சங்கக் கூட்டம் போட்டு, வாளியில் கொடுத்தால் விலை வராது என்பதால் இனி எல்லாப் பரிசும் தூக்குவாளியில்தான் என்று முடிவு செய்தார்கள். என்ன அளவு, எந்தக் கடை, கடலை எத்தனை கிலோ என்று சுகிர்தாவை எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள். அது பரிசு இல்லக்கா, வாளிக்கா என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சண்முகக்கனி அக்கா தலையை ஆட்டிவிட்டு, குறைந்தது இரண்டு லிட்டர் என்று சங்கத்தின் செல்போன் குழுவில் தகவல் போட்டார். பால்துரை அண்ணாச்சி மறுநாளே வாளிகளை மூன்று குவியலாகப் போட்டார். அந்த வாளிகளின் மேல் சீட்டு உடனே வந்தது, முன்னைவிடப் பெரிய எழுத்தில் வந்தது. பெண்கள் எல்லாரும், கடலையில்தான் ஏதோ கோளாறு என்று பேசிக்கொண்டார்கள்.

சுகிர்தாவின் வீட்டில் அன்றைக்கு வேறு பிரச்சினை. பிறந்தநாளிலிருந்து வாளி இங்கே இருந்தது, ஆகவே அனுப்ப வேண்டியது இவள் முறை, அடுப்படியில் அனுப்ப ஒன்றும் இல்லை. தினம் ஒரு ரோதனை என்று அலுத்துக்கொண்டே டப்பாக்களைத் திறந்து மூடினாள். கடைசியில் குளிர்பெட்டியிலிருந்து மிஞ்சிய கேக்கை எடுத்து, இனிப்பெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து போயிருந்ததை, வாளிக்குள் வைத்து ஜெஸ்லினிடம் கொடுத்தாள்.

"எம்மா, இதுல சீட்டு வருமா?"

"வந்தா வரட்டும். நீ சாய்க்காமக் கொண்டு போ."

சொன்னாளே தவிர, வாசலில் நின்று, பிள்ளை நடையைத் தாண்டும் வரை வாளியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஜெஸ்லின் கதவைத் தட்டவில்லை, தட்டுவதற்குக் கதவு சாத்தியிருந்தால்தானே. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் இசக்கிராணியின் குரல் இரண்டு வாசலையும் தாண்டி வந்தது.

"ஏ சுகிர்தா, மூடி எங்க?"

மூடி இங்கேதான், அலமாரியில் கிடந்தது. இந்த வீட்டில் ஒரு நிமிஷம் உட்கார விடுகிறார்களா என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு சுகிர்தா எதிர் வீட்டுக்குப் போனாள், பொட்டுக்கடலையையும் தேங்காயையும் கூடவே எடுத்துக்கொண்டாள், சட்னி அரைக்க வேண்டும்.